9 பாட்டு, 23 துண்டு

கேள்வி: பழைய கேசட் ஒன்றைக் கணினியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்ந்து 52 நிமிடம், ஒரே கோப்பு. புல்லாங்குழல், மொத்தம் 9 உருப்படிகள். சத்தம் இல்லாத இடம் பார்த்துத் தானாகவே வெட்டித் தரும் வசதியை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஓட்டினேன். 23 துண்டு வந்தது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: தப்பு உங்களுடையது அல்ல. ஒலி இத்தனை டெசிபலுக்குக் கீழே இறங்கி இத்தனை விநாடி அங்கேயே இருந்தால் அது இடைவெளி. அந்த வசதிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குழல்காரர் ஒரு நீண்ட கார்வையை முடித்துவிட்டு மூச்சு வாங்கினால் அதுவும் அதன் கணக்கில் பாட்டு முடிந்ததுதான். இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கும். கேசட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிஜமான மௌனம் கிடையாது, நாடாவின் 'உஸ்' ஓடிக்கொண்டே இருக்கும். வரம்பை அந்த உஸ்ஸுக்கும் கீழே வைத்துவிட்டால் 52 நிமிடமும் ஒரே பாட்டு!

வரம்பை ஊகித்து வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் ஒரு விநாடி அளவுக்குத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். மைனஸ் 46 டெசிபலைத் தொடுகிறது என்றால் வரம்பை மைனஸ் 42 என்று கொடுங்கள். குறைந்தபட்ச மௌனம் 2 விநாடி. அனலைஸ் மெனுவில் உள்ள 'லேபிள் சவுண்ட்ஸ்' இந்த எண்களை வாங்கிக்கொண்டு லேபிள்களை, அதாவது இடக்குறிகளை, மட்டும் ஒட்டும், எதையும் வெட்டாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். வேண்டாத லேபிளை அழிக்கலாம், தள்ளி நிற்பதை இழுத்து வைக்கலாம். 9 உருப்படிதானே, உங்கள் இடத்தில் நான் இருந்தால் தானியங்கியை விட்டுவிட்டு, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கர்சரை வைத்து கண்ட்ரோல் + பி அழுத்தி லேபிள் ஒட்டி, பெயரையும் அங்கேயே தட்டிவிடுவேன். அரை மணி நேர வேலை. ஏற்றுமதி செய்யும்போது 'பல கோப்புகளாக, லேபிள்படி' என்று கேட்டால் 9 கோப்பு வந்து விழும்.

லேபிளை இடைவெளியின் நட்டநடுவில் வைப்பவர்கள் உண்டு. நான் அடுத்த பாட்டு தொடங்குவதற்கு அரை விநாடி முன்னால் வைப்பேன். ஒரு பாட்டின் வால் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமானது. அலைவடிவம் கோடாகத் தட்டையாகிவிட்ட பிறகும் தம்புரா அடங்கிக்கொண்டிருக்கும். செங்குத்து அளவுகோலை டெசிபலுக்கு மாற்றிப் பாருங்கள், தட்டைக்கோடு என்று நினைத்த இடத்தில் ஒரு சரிவு தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதன்முதலில் வெட்டிய தொகுப்பில் கடைசி உருப்படியின் வாலில் 8 விநாடியைச் 'சும்மா இரைச்சல்' என்று நறுக்கிவிட்டு, அதே பெயரில் மூலக் கோப்பின் மேலேயே சேமித்தேன். மறுபடி பதிவு செய்யலாம் என்று கேசட்டைப் போட்டால், நாடா உருளையில் சுற்றிக்கொண்டு இடியாப்பமாகிவிட்டது. அந்த 8 விநாடி போனது போனதுதான். அன்றிலிருந்து மூலக் கோப்பைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டுத்தான் நகலில் கை வைக்கிறேன்.

கோப்பு எம்பி3-யா (சுருக்கியது), வேவா (சுருக்காதது) என்று நீங்கள் எழுதவில்லை. வேவ் இருந்தால் அதையே வெட்டுங்கள். எம்பி3 மட்டும்தான் என்றால், ஆடாசிட்டி அதை விரித்து, வெட்டி, மறுபடி எம்பி3-யாகச் சுருக்கும். தரம் இன்னொரு படி இறங்கும். எம்பி3டைரக்ட்கட் போன்ற கருவி விரிக்காமலே வெட்டும். ஆனால் நினைத்த புள்ளியில் வெட்ட முடியாது; எம்பி3 ஒலியைச் சட்டகம் என்ற சிறு துண்டுகளாக வைத்திருக்கும், அதன் எல்லையில்தான் முடியும். ஒரு சட்டகம் 1,152 மாதிரிகள் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்), சிடி வேகமான விநாடிக்கு 44,100 மாதிரிகளில் சுமார் 26 மில்லிவிநாடி. பாட்டுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி இருக்கும்போது அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

கேள்வி: வெட்டவே வேண்டாம், கியூ கோப்பு எழுதினால் போதும் என்று நண்பர் சொன்னார். எழுதினேன். இரண்டாவது பாட்டு 4 நிமிடம் 12.48 விநாடியில் தொடங்குகிறது, 04:12:48 என்று கொடுத்தேன். முதல் தட்டே கேட்கவில்லை.

பதில்: நண்பர் சொன்னது நல்ல யோசனை. கியூ என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்தான், ஒலியை அது தொடுவதே இல்லை. ஃபூபார்2000 போன்ற பிளேயர் அதைப் படித்துத் தனித்தனிப் பாட்டாகக் காட்டும், தேவைப்பட்டால் பிரித்தும் தரும்.

வம்பு கடைசி இரண்டு இலக்கத்தில். அவை விநாடியில் நூறில் ஒரு பங்கு அல்ல, 75-இல் ஒரு பங்கு. ஆடியோ சிடியில் ஒரு விநாடி 75 சட்டகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது (எம்பி3-யின் சட்டகம் வேறு, இது வேறு), அந்தக் கணக்கு அப்படியே இங்கே வந்துவிட்டது. 0.48-ஐ 75-ஆல் பெருக்கினால் 36. நீங்கள் எழுத வேண்டியது 04:12:36. நீங்கள் கொடுத்த 48 என்பது 0.64 விநாடி. பாட்டு 0.16 விநாடி தாமதமாகத் தொடங்குகிறது, ஒரு தட்டை விழுங்க அது தாராளம். 74-க்கு மேல் ஓர் எண் அங்கே இருந்தால் அந்தக் கோப்பே தவறு. இன்னொன்று: ஒலிக் கோப்பின் பெயரை மாற்றினால் கியூவின் உள்ளேயும் மாற்றுங்கள், இல்லையென்றால் பிளேயர் கையை விரித்துவிடும்.

கேள்வி: மேடைக் கச்சேரிப் பதிவு. ஒரு பாட்டின் கைதட்டல் ஓயும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. எம்பி3-யாகப் பிரித்தபின் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஒரு விக்கல்.

பதில்: எம்பி3-யில் நிரப்ப வேண்டியது எப்போதும் முழுச் சட்டகங்கள். பாட்டின் முடிவு சட்டகத்தின் பாதியில் வந்தால் மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்படும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். தனிப் பாட்டில் இது தெரியாது, கைதட்டலின் நடுவே பளிச்சென்று தெரியும். லேம் என்ற எம்பி3 சுருக்கி கொண்டு சுருக்கினால் எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்பதைக் கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயர் அதை நீக்கிவிட்டு ஒட்டிப் பாடும், எல்லாப் பிளேயருக்கும் அது தெரியாது. பிரிப்பதை ஃப்ளாக் என்ற, தரம் இழக்காமல் சுருக்கும் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாதிரிக்கு மாதிரி ஒட்டும், தரமும் குறையாது. அப்புறம், எங்கே வெட்டுவது? கைதட்டல் தணிந்து, கலைஞர் அடுத்ததற்குத் தொண்டையைச் செருமும் முன்னால். கைதட்டல் முந்தைய பாட்டுக்குச் சேர வேண்டியது.

கேள்வி: பிரித்த கோப்புகளில் 10-வது பாட்டு 1-க்கு அடுத்து ஒலிக்கிறது.

பதில்: 01, 02 என்று பெயரிடுங்கள். கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பான டேகில் பாட்டு எண்ணையும் நிரப்பிவிடுங்கள், சில பிளேயர்கள் கோப்புப் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.