கல்லடியில் ஒன்று, சேற்றில் ஒன்று

ஐயா, வணக்கம்.
குற்றாலத்துக்கு மேலே, ஆள் அதிகம் போகாத ஓடையில் கல்லைப் புரட்டினால் தட்டையாக, மூன்று வால் வைத்த பூச்சிகள் ஓடுகின்றன. அதே தண்ணீர் ஊருக்குள் வந்து தேங்கும் இடத்தில் சேற்றைக் கிளறினால் சிவப்புப் புழு மட்டும்தான். எண்ணெயும் சோப்பும் செய்த வேலைதானே இது?
தென்காசி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சோப்புக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தது மேலே பாயும் தண்ணீரில் கிடக்கும் கல், கீழே தேங்கிய தண்ணீரின் சேறு. சோப்பே படாத காட்டோடையிலும் இந்த இரண்டு இடத்தில் ஒரே பூச்சி இருக்காது.

மூன்று வால் பூச்சி, மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். கல்லோடு ஒட்டிக் காலைப் பரப்பிப் படுத்திருக்கும். கல்லை ஒட்டினாற்போல் ஓடும் நீருக்கு வேகம் குறைவு. வயிற்றின் இருபுறமும் இலை இலையாகச் செவுள். அதில் புதுத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஓட்டம் நின்றால் இவற்றில் பலவற்றுக்கு மூச்சு முட்டிவிடும். வெயிலும் கெடுக்கும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கரை மரத்தை வெட்டினால் இந்தப் பூச்சிக்கும் அடி விழும்.

அடுத்த முறை கல்லிடுக்கையும் பாருங்கள். கேடிஸ்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் புழு பட்டு நூலால் வலை பின்னியிருக்கும், வலையின் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்கும். (வெளியே எடுத்ததும் சுருங்கி அழுக்கு மாதிரி ஆகிவிடும், தண்ணீருக்குள்ளேயே பாருங்கள்.) ஓட்டம் இரையைக் கொண்டுவந்து சேர்க்கிறது, ஓட்டமில்லாத இடத்தில் வலை கட்டி என்ன பயன்? இடுக்கை வண்டல் அடைத்தாலும் வலைக்கு இடமில்லை. சோப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வண்டலை யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் அந்தச் சிவப்புப் புழு. கைரோனமஸ் என்ற, கொசு போலிருந்தும் கடிக்காத பூச்சியின் புழு. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். அது இருக்கிறது என்பதாலேயே தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? ஊருக்குக் கீழேயும் கல் மேல் சலசலத்து ஓடும் இடம் ஒன்றைத் தேடிக் கல்லைப் புரட்டுங்கள். அங்கேயும் மேஃப்ளையும் வலையும் இல்லையென்றால் உங்கள் சந்தேகத்துக்கு வலு உண்டு. சீசனில் வேண்டாம், வெள்ளம் கல்லை உருட்டும்போது பூச்சியும் அடித்துப்போய்விடும். பிப்ரவரி வாக்கில், இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பாருங்கள்.