ஏழு மணிக்கு வீடு திரும்பி என்ன சமைப்பது?

சகோதரி, வேலை முடிந்து செங்காங் வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிறது, பிள்ளைகள் பசியில் காத்திருப்பதால் வாரம் நான்கு நாள் காப்பிக்கடையில் வாங்குகிறேன், காசு கரைகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் சில வருடங்கள் இதே நிலைமைதான்.

என்னைக் காப்பாற்றியது மைசூர்ப் பருப்பு. துவரம்பருப்பைப் போல ஊறவைக்கவோ குக்கரைத் தேடவோ வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் அரிசியைக் களைந்து ரைஸ் குக்கரில் போட்டுவிடுங்கள். பக்கத்து அடுப்பில் ஒரு டம்ளர் பருப்பு, இரண்டு தக்காளி, நான்கு பல் பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள்தூள். இருபது நிமிடத்தில் தானாகவே குழைந்துவிடும். கடைசியில் ஒரு கைப்பிடி கீரையை நறுக்கிப் போட்டு, உப்புச் சேர்த்து, சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். அது வேகும்போதே தவ்குவா என்கிற கெட்டியான டோஃபுவைத் துண்டாக்கி, மிளகாய்த்தூள் பிரட்டி, கொஞ்சம் எண்ணெயில் பொரித்துவிடலாம். என் சின்னவனுக்கு மீனைவிட இதுதான் பிடிக்கும்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டை நன்றாக வதக்கி, ஆறியதும் சிறு டப்பாக்களில் பிரித்து உறையவைத்து விடுங்கள். ஒரு டப்பாவோடு மசாலாத்தூளும் ஒரு டின் சார்டினும் சேர்த்தால் பத்து நிமிடத்தில் குழம்பு தயார், ரொட்டிக்கும் ஆகும்.

மிஞ்சிய சோற்றை மட்டும் இரவு முழுக்க வெளியே வைக்காதீர்கள், நம் ஊர் வெக்கையில் கெட்டுவிடும். உடனே குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் முட்டையும் நெத்திலியும் போட்டுக் கிளறிக்கொள்ளலாம்.