எக்ஸ்கேசிடி இணையக் காமிக்ஸ்: புதியவற்றில் சிரிப்பு வரமாட்டேன் என்கிறதே, ஏன்?

சிங்கப்பூர் ஒன்-நார்த் வட்டாரத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் நாங்களும் இதற்குத்தான் அடித்துக்கொள்கிறோம். பழசே மேல் என்பவர்கள் காட்டுவது 2007இல் வந்த 327ஆம் காமிக்ஸ். பள்ளியிலிருந்து அம்மாவுக்கு போன். பையன் பெயருக்குள்ளேயே தரவுத்தள அட்டவணையை அழிக்கும் கட்டளை இருக்கிறது; அந்த ஆண்டின் மாணவர் பதிவுகள் காலி! தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவர் விழுந்து விழுந்து சிரிப்பார், மற்றவர் முழிப்பார். அன்றும் இதே கதைதான்.

எக்ஸ்கேசிடி, அதை வரையும் ராண்டல் மன்றோ 2005இல் தொடங்கியது. வாரம் மூன்று வருகின்றன. அத்தனையும் வெடிச்சிரிப்பாக இருக்குமா என்ன? பழையதில் நல்லது மட்டும் நினைவில் நிற்கிறது, புதியதை மொத்தமாகப் பார்க்கிறோம். ஆனால் சில வெறும் வரைபடமாகவே நின்றுவிடுகின்றன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆமாம், எம்ஆர்டி ரயிலில் கைபேசியில்தான் படிக்கிறீர்களா? கணினியில் திறந்து, படத்தின்மேல் மவுஸை வையுங்கள். அங்கே தோன்றும் வரியில்தான் பலமுறை பாதி நகைச்சுவையே இருக்கும்.