லுவார் நதிக்கரையில் ஒரு வாரம்: பட்டியலைச் சுருக்குங்கள், நடையை நீட்டுங்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். வரும் செப்டம்பர் நடுவில் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அதில் ஒரு வாரத்தை லுவார் நதிப் பள்ளத்தாக்கில் நடந்தே கழிக்க விரும்புகிறோம். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் இருவருக்கும் உண்டு. பார்க்க வேண்டிய கோட்டைகள் என்று பதினைந்தைக் குறித்து வைத்திருக்கிறேன். நாங்கள் சைவம், மது அருந்துவதில்லை. திராட்சைத் தோட்டங்களும் கோட்டைகளும் நிறைந்த அந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இது சரிப்படுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் சரிப்படும். ஆனால் அந்தப் பதினைந்தில் பாதிக்கு மேல் நீங்கள் அடித்துவிட வேண்டும். முதலில் அடிக்க வேண்டிய பெயர் ஷாம்போர் என்று நான் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். 1519-இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கிய அந்த மாளிகையும், ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாத அதன் இரட்டைச் சுருள் படிக்கட்டும் காணத்தக்கவைதாம். ஆயினும் அது நீங்கள் நடக்கப்போகும் தடத்திலிருந்து கிழக்கே ஒதுங்கி நிற்பதால், அதற்காக ஒரு முழு நாள் வண்டியிலேயே போய்விடும். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அந்த நதியில், அம்புவாஸ் முதல் சோமூர் வரையிலான பகுதி உங்களுக்குப் போதும். அதிலும் எல்லாவற்றையும் நடக்க வேண்டாம். நடக்கத் தக்க இடங்களில் நடந்து, மற்ற தொலைவை ரயிலிலும் வாடகைக் காரிலும் கடந்துவிடுங்கள்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்தால் தூர் நகரை ஒட்டிய நிலையத்தை அடையலாம். அங்கிருந்து அம்புவாஸ் பக்கம். அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். லியொனார்தோ தா வின்சி 1516-இல் வந்து தங்கி, 1519-இல் உயிர்நீத்த வீடு கோட்டையிலிருந்து சிறிது நடை தூரத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் அம்புவாஸ் காட்டின் ஊடே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்தால் ஷேர் நதியின் குறுக்கே பாலம்போல் நீண்டு நிற்கும் ஷெனொன்சோ மாளிகையை அடைவீர்கள். முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்த அதன் நீண்ட கூடம், இரண்டாம் போரின்போது ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதிக்கும் மறுகரைக்கும் இடையே கிடந்தது. எல்லைக்கோடு அந்த ஆறுதான் என்பதை வடகரையிலிருந்து நுழைந்து தென்கோடிக் கதவுவரை நடக்கும்போது எண்ணிப் பாருங்கள். மாலையில் அங்கிருந்தே உள்ளூர் ரயிலில் தூர் சென்று ஓர் இரவு தங்கிவிடலாம்.

நான்காம் நாள் வாடகைக் காரில் வில்லாந்திரி போய்த் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து அசே-லெ-ரிதோவுக்கு நடப்பது சுமார் 11 கிலோமீட்டர். அந்த்ர் நதியின் தீவொன்றில் நிற்கும் அசே மாளிகையை 1518-இல் தொடங்கிய அரசு நிதி அதிகாரி, மன்னரின் கோபத்துக்கு ஆளாகி, பணி முடியும் முன்பே நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. அசேயிலிருந்து ஷினொன் வரையிலான காட்டு வழி 20 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் அதை நடக்க வேண்டாம், ரயிலில் போய்விடுங்கள். 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் பிரான்சின் ஏழாம் சார்லஸைச் சந்தித்த கோட்டை ஷினொனுடையது. பாரிஸ் எதிரிகளின் கையிலிருந்த அந்தக் காலத்தில் அரசவை இந்த ஆற்றங்கரையில் தங்கியதும், பின்வந்த மன்னர்கள் இங்கேயே தங்க விரும்பியதும்தான் இத்தனை மாளிகைகள் நெருங்கி எழுந்ததற்குக் காரணம்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைத்துவிடாதீர்கள். ஷினொனிலிருந்து வியென் நதியை ஒட்டிப் பாதித் தொலைவு காரில் போய், மீதியை நடந்து, அந்நதி லுவாருடன் கலக்கும் காந்த்-சேன்-மார்த்தேன் கிராமத்தை அடையுங்கள். அதை அடுத்திருக்கும் மோன்சொரோவில் இரண்டு இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து சோமூர் வரையிலான 12 கிலோமீட்டரில்தான் இந்தப் பள்ளத்தாக்கு தன்னை முழுமையாகக் காட்டுகிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த, துஃபோ எனப்படும் மென்மையான வெண்சுண்ணக்கல்லை இங்கே குடைந்தெடுத்துப் படகுகளில் ஏற்றி அனுப்பினார்கள். மாளிகைகள் எழுந்தது அக்கல்லால்தான். கல் எடுத்த பள்ளங்கள் குகைகளாக நின்றுவிட, அவற்றில் மக்கள் குடியேறினார்கள், காளான் வளர்த்தார்கள், மதுப் பீப்பாய்களை அடுக்கினார்கள். நீங்கள் நடக்கும் மேட்டில் திராட்சைக் கொடிகள். காலடியில் அதே தோட்டத்தின் பாதாள அறைகள். சரிவில் புகைபோக்கி மட்டும் வெளியே தெரியும் குகை வீடுகள். கோட்டை, கொடி, ஆறு மூன்றும் ஒரே கல்லால் கோக்கப்பட்டிருப்பதைக் காரில் செல்பவர் காண்பதற்கில்லை. உங்கள் உறவினர்களுக்கு இதுவே பதில். மது அருந்தாதவருக்கும் அந்தப் பாதாள அறைகளின் குளிர்ச்சியும், கபர்னே ஃப்ரான், ஷெனேன் என்னும் திராட்சை வகைகளின் கொடிகளில் பழுத்துத் தொங்கும் செப்டம்பர் குலைகளும் உண்டு. அறுவடைக் காலமாதலால் கொடிவரிசைகளுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடங்கள், பழத்தைப் பறிக்காதீர்கள்.

மோன்சொரோவில் தங்கும் மற்றொரு நாளில் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோந்தெவ்ரோ மடத்துக்குப் போய்வரலாம். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலியனோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. எலியனோர் கையில் விரித்த புத்தகத்தோடு படுத்திருக்கிறார்; என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய சிற்பம் அது.

உணவு பற்றி உங்கள் துணைவியார் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் ஏற்பாடு வேண்டும். விருந்தினர் இல்லங்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இரவுணவு சமைத்துத் தருபவர்கள் உண்டு. இறைச்சி, மீன் இரண்டும் கூடாது என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். சோமூர்ப் பகுதியில் ஃபுவே என்று அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்து வெள்ளை மொச்சையோ காளானோ நிரப்பித் தரும் சிறு ரொட்டி கிடைக்கும். சேன்-மோர் என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி தூர் வட்டாரத்தின் சிறப்பு. எனினும் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பால் உறைய கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பது வழக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு எனத் தீட்டிய இரு பட்டைகள் மரத்திலும் கம்பத்திலும் இருக்கும். அவை பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் அது தவறான வழி. இந்தக் குறியிட்ட நெடும்பாதைகளில் முதலாவதாக 1947-இல் திறக்கப்பட்டது லுவாரை ஒட்டிய ஒரு பகுதியே. செப்டம்பர் பிற்பகுதியில் காடுகளில் வேட்டைப் பருவம் தொடங்குமாதலால் இருவரும் பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை அணியுங்கள். நீர் குறைந்த லுவாரின் மணல் திட்டுகள் அழைப்பதுபோல் தோன்றினாலும் இறங்க வேண்டாம்; சுழலும் புதைமணலும் உயிரைப் பறித்திருக்கின்றன.

தினம் ஆறு கிலோமீட்டர் நடப்பவர் 15 கிலோமீட்டர் நடக்கக் கூடியவர்தாம். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அப்படி நடந்து பழகியிருக்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே, பயணத்தில் அணியப்போகும் அதே காலணியோடு, வாரம் இரு நாட்கள் தொடர்ந்து 12 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு சேர்க்கும் நிறுவனங்கள் அங்கு உண்டு. முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் இருக்கட்டும். மோன்சொரோ சிறிய ஊர் என்பதாலும் அறுவடை நேரம் என்பதாலும், மற்ற ஊர்களுக்கு முன்பாக அங்குள்ள அறையைப் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதிகளை வைத்தே மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள்.