மேதையின் பெயரில் மறைந்த பெயர்கள்

கேள்வி: அமெரிக்க ராக் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட் இறந்து இத்தனை ஆண்டுகள் கழித்து, இனிப் பதில் சொல்ல முடியாத ஒருவரைக் கொடுமைக்காரர் என்று ரசிகர்களே தூற்றுவது நியாயமா? மேதைகள் எல்லாருமே கொஞ்சம் அப்படி இப்படித்தானே? அவரால் வெளிச்சத்துக்கு வந்த இசைஞர்களுக்காவது நன்றி வேண்டாமா?

பதில்: முதலில் காலக்கணக்கைச் சரிசெய்துகொள்வோம். கேப்டன் என்று நீங்கள் கொண்டாடும் டான் வான் வ்லீட் இறந்தது 2010 டிசம்பரில். அவருடைய குழுவில் கிட்டார் வாசித்த பில் ஹார்கிள்ரோட் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டதோ 1998இல். பதில் சொல்ல விரும்பியிருந்தால் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

1969இல் வெளிவந்த ‘டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ ஆல்பத்துக்காக, இருபது வயதை ஒட்டிய அந்தக் குழுவின் இளைஞர்கள் லாஸ் ஏஞ்சலிஸின் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து ஒத்திகை பார்த்தார்கள். கையில் காசில்லை, வயிற்றுக்கும் போதவில்லை. கடையில் உணவுப்பொருள் திருடிப் பிடிபட்டதும் உண்டு. ஒருவரைக் குறிவைத்து, மற்றவர்களைக் கொண்டே அவரை மணிக்கணக்கில் குதறவைப்பதும், சில நேரங்களில் கைநீட்டுவதுமாக வான் வ்லீட் அவர்களை ஆட்டிவைத்ததை எழுதியிருப்பவர்கள் அந்த வீட்டிலேயே இருந்தவர்கள். இதற்குப் பெயர் ‘அப்படி இப்படி’ என்றால், உங்கள் அகராதி மிகவும் தாராளமானது.

ஆனால் ரசிகர் என்ற முறையில் உங்களுக்கு உறைக்க வேண்டியது வேறொன்று. ஆல்பத்தின் 28 உருப்படிகளையும் எட்டரை மணி நேரத்தில் பியானோவில் இயற்றிவிட்டதாக வான் வ்லீட் சொன்னார். ரசிகர்களும் அதைப் பரவசத்தோடு ஆண்டாண்டாகத் திருப்பிச் சொன்னார்கள். நடந்தது என்னவென்றால், முறையாகப் பியானோ பயிலாத அவர் துண்டுதுண்டாக வாசித்ததை, டிரம்மர் ஜான் ஃபிரெஞ்ச் இசைக்குறிப்பாக எழுதி, எந்தத் துண்டு எந்தக் கருவிக்கு, எதன்பின் எது என்று கோத்து, மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். அப்படி உருவேற்றியிருந்ததால்தான் ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைப்பகுதிகளை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் வாசித்து முடிக்க முடிந்தது. ஆல்பம் வெளிவந்தபோது உறையில் ஃபிரெஞ்சின் பெயர் இல்லை. (பெயர் வந்தவர்களுக்கும் கேப்டன் சூட்டிய விநோதப் பட்டங்கள்தாம்.) ஆக, அந்த எட்டரை மணி நேரக் கதையை யாரேனும் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஃபிரெஞ்சின் பெயர் இன்னொரு தடவை விடுபடுகிறது.

கொடுமை இல்லாவிட்டால் இந்த இசையே பிறந்திருக்காது என்பாரும் உண்டு. சோம்பேறித்தனமான வாதம். ஒரே பாட்டுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் தாளக்கட்டுகளை அவர்கள் கற்றது ஃபிரெஞ்சின் குறிப்புகளிலிருந்து; பட்டினி அதைக் கற்றுத்தரவில்லை.

அதற்காக, இசைத்தட்டைத் தூக்கியெறியச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த முரட்டுக் குரலும், வார்த்தைகளின் தாவலும், இப்படியொரு இசையைக் கற்பனை செய்த துணிச்சலும் வான் வ்லீட்டுடையவை. அதை நான் மறுக்கவில்லை. எறிந்தால் கூடவே குப்பைக்குப் போவது ஃபிரெஞ்சும் ஹார்கிள்ரோடும் வாசித்ததுதான்.

கடைசியாக, நன்றி. வான் வ்லீட் இசையை விட்டு ஓவியத்துக்குப் போய் இருபது ஆண்டுகள் கழித்து, 2003இல், பழைய குழுவினர் சிலர் மீண்டும் கூடி அந்தப் பாட்டுகளை மேடையேற்றினார்கள். கேப்டனின் இடத்தில் நின்று பாடியவர் ஜான் ஃபிரெஞ்ச்.