100% சரிவு என்றால் செங்குத்துச் சுவரா?

இல்லை, 100% சரிவு என்பது 45 பாகை ஏற்றம் மட்டுமே. சாலைச் சரிவின் விழுக்காடு என்பது, ஏறும் உயரத்தைக் கிடைத்தொலைவால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் கிடைப்பது. செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுக்கும் அதே டேன்ஜென்ட் விகிதம்தான் அது. டேன்ஜென்ட் 45 பாகையில் 1 என்பதால் விழுக்காடு அங்கே 100 ஆகிறது. செங்குத்தை நெருங்கும்போதோ அது எல்லையின்றி வளர்கிறது.

நீலகிரி மலை ரயில் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள மிகச் செங்குத்தான ஏற்றம் 12க்கு 1, அதாவது 8.33%. கோணமாகப் பார்த்தால் அது ஏறத்தாழ 4.8 பாகைதான், காகிதத்தில் வரைந்தால் ஏற்றம் என்றே தோன்றாது. ஆனால் வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் பிடிப்பு மட்டும் அதற்குப் போதாமல், நடுவே பற்சட்டம் பதித்துப் பற்சக்கரத்தால் வண்டியை ஏற்றுகிறார்கள்.

வண்டியின் தூரமானி காட்டுவது கிடைத்தொலைவை அல்ல, சாலையோடு சாய்ந்து செல்லும் கர்ணத்தை என்பதால், உயரத்தை அதனால் வகுத்தால் கிடைப்பது சைன் மதிப்பாகும். நீலகிரிப் பாதையில் இது 8.33க்குப் பதில் 8.30 தரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. நியூசிலாந்தின் டனிடின் நகரிலுள்ள பால்ட்வின் தெருவிலோ சரிவு 34.8%, கோணம் சுமார் 19 பாகை; அங்கே சைன் கணக்கு ஏறத்தாழ 32.9 என்று குறைத்துக் காட்டிவிடும்.