மலைச்சரிவுல கம்போஸ்ட் போட்டா மழைக்கு மண்ணு கரையாம நிக்குமா?

நிக்கும். ஆனா நீங்க கேட்டிருக்கற மாதிரி சலிச்ச கம்போஸ்ட் ரெண்டு லோடு இறக்கி அப்படியே சரிவுல தூவி விட்டா நிக்காது, முதல் கனமழைக்கே ஓடைக்குப் போயிரும். நீங்க மலையில புதுசா இடம் வாங்கி ஜேசிபி விட்டு வெட்டியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், வெட்டின இடம் ஒரு புல் இல்லாம செக்கச்செவேர்னு நிக்கும், ஜூன் வருதேன்னு வயித்தக் கலக்கியிருக்கும். அந்தப் பயத்தை நானும் பட்டிருக்கேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எங்களுக்குக் கேரளா இடுக்கி மாவட்டத்துல பூப்பாறை பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். சொந்த ஊர் போடி, அப்பா காலத்துலயே மெட்டு ஏறி வந்தாச்சு. எங்களுக்கு மேல ஒருத்தர் தங்கும் விடுதி கட்டி, முற்றம் பூரா கல்லு பாவி, விழுற மழைத்தண்ணி மொத்தத்தையும் ஒரே குழாய்ல எங்க சரிவுப் பக்கம் திருப்பி விட்டுட்டாரு. 2018 ஆகஸ்ட் மழை எப்படின்னு கேரளாவுல யாருக்கும் சொல்லவேண்டாம். அந்தக் குழாய்க்கு நேரா இடுப்பளவு ஆழத்துக்கு வாரி (தண்ணி அரிச்ச பள்ளம்) விழுந்து, செடியெல்லாம் வேரோட தொங்குச்சு. கீழ ஓடை ரெண்டு நாளைக்கு டீத்தண்ணி கலர்ல ஓடுச்சு, அது பூரா எங்க மேல்மண்ணு. முப்பது வருஷமா தழையும் சாணியும் போட்டுப் போட்டு அப்பா கறுப்பாக்குன மண்ணு. அவரு ஒண்ணும் பேசல, வரப்புலயே உக்காந்துட்டாரு. அதை இப்ப நெனச்சாலும் எனக்கு ஆறாது.

2019ல நானும் உங்களை மாதிரி சலிச்ச கம்போஸ்டைத்தான் நம்புனேன். நல்லா மக்குன கம்போஸ்டை மாவு மாதிரி சலிச்சு, பழைய உரச்சாக்குல நிரப்பி குறுக்க அடுக்குனேன். தண்ணி சாக்குக்குள்ள புகவே இல்ல, பின்னாடி தேங்கி நின்னு, அடியில பொந்து பறிச்சு, சாக்கையும் சேர்த்து இழுத்துட்டுப் போச்சு. அப்பதான் புரிஞ்சது, இது தண்ணியை அணை கட்டி நிறுத்தற வேலை இல்ல, வடிகட்டி மெதுவா விடற வேலை. கம்போஸ்ட்ல சுள்ளி, மரச்சிராய், காஞ்ச ஏலத்தட்டைன்னு பெருவெட்டா இருக்கணும், அந்த இடுக்கு வழியா தண்ணி போகும், வண்டல் தங்கும்.

அடுத்த வருஷம் போடி மார்க்கெட்ல வெங்காயம் வர்ற வலைச்சாக்கு வாங்கி, வீட்டுக்காரம்மா ஒண்ணோட ஒண்ணு தைச்சு நீளக் குழாய் மாதிரி ஆக்குனாங்க. நிழல் மரம் கவாத்து பண்ண கொப்பு, தட்டை, காப்பித்தோல், சாணி எல்லாம் போட்டு ஆறு மாசம் மக்க வச்சதை சலிக்காம நிரப்புனோம். மட்டம்தான் ரொம்ப முக்கியம். கொத்தனார் ட்யூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்ப்பாங்கல்ல, அதே மாதிரி பார்த்து ஒரே மட்டத்துக்குக் குறுக்க வச்சு, ரெண்டு முனையையும் மேல்பக்கமா கொஞ்சம் வளைச்சு, மண்ணுல நல்லா பதிய அமுக்கி முளைக்குச்சி அடிச்சேன். ஒரு பக்கம் தாழ்ந்துச்சுன்னா தண்ணி பூரா அங்க கூடி வழிஞ்சு புதுசா ஒரு வாரி பறிச்சிரும்.

நடுவுல இருக்கற வெறுந்தரைக்கு ரெண்டு இஞ்ச் கனத்துக்கு அதே கம்போஸ்டைப் போர்வை மாதிரி மூடணும். மழைத்துளி நேரா மண்ணுல அடிச்சுத் தெறிக்கறதுலதான் மண் கரையறதே ஆரம்பிக்குது, அந்த அடியைப் போர்வை வாங்கிக்கும், தண்ணியையும் கொஞ்சம் குடிச்சுக்கும். மேட்டுத் தலைக்கு மேலயும் மூணு நாலு அடி போடணும், இல்லேன்னா தண்ணி போர்வைக்கு அடியில புகுந்துரும். ஏலம் இருந்தா தூரை மூடாதீங்க, பூச்சரம் தூர்லருந்துதான் கெளம்புது, அழுகல் வந்துரும். புளிச்ச வாடை அடிக்கற, தொட்டா சூடா இருக்கற கம்போஸ்ட் வேண்டாம், அதோட சாறு ஓடைக்கும் கெணத்துக்கும்தான் போகும்.

இது நானா கண்டுபிடிச்சதுன்னு சொல்லல. அமெரிக்காவுல ஈபிஏன்னு அவங்க அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் துறை, ரோட்டு வேலை கட்டட வேலை நடக்கற இடத்துக்கு இதையேதான் சொல்லுது, அந்தக் குழாய்க்கு அங்க பேரு கம்போஸ்ட் சாக்ஸ். ரெண்டடி போனா ஒரு அடி எறங்கற சரிவை விட செங்குத்தா இருந்தா போர்வை மட்டும் பத்தாது, மேல வலை விரிக்கணும். நம்ம பக்கம் அதுக்குக் கயிறு பூவஸ்திரம் இருக்கு, தேங்கா நார்ல நெய்யறது, ஆலப்புழா பக்கம் செய்யறாங்க. தண்ணி ஒரே இடத்துல கூடி ஓடற வாரியில மட்டும் போர்வை போட்டுறாதீங்க, அடிச்சுட்டுப் போயிரும். நான் அந்த விடுதிக்காரர் குழாய் வாயில கல்லு அடுக்கி, தண்ணியைப் பரத்தி விட்ட பெறகுதான் கீழ சாக்ஸே நின்னுச்சு.

அந்தக் கயிறு வலைக்கு மானியம் கேட்டு ஒரு ஆபீசுக்கு மூணு தடவை அலைஞ்சேன். ஃபாரம் பூரா மலையாளம், எனக்குப் பேச வரும் எழுத வராது. தமிழ்ல எழுதிக் கொடுத்தா வாங்கமாட்டேன்னுட்டாங்க. இங்க தமிழ் பேசறவங்க தமிழ்லயே மனு கொடுக்கலாம்னு இந்த மாநிலத்துச் சட்டத்துலயே இருக்கு. ரெண்டு தலைமுறையா இங்க வரி கட்டறோம், எங்களைப் பார்த்து "நிங்ஙள் தமிழ்நாட்டில் போய் சோதிக்கு"ன்னா, அதாவது தமிழ்நாட்டுல போய்க் கேளுன்னா, எவ்ளோ வலிக்கும். கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

"கம்போஸ்ட் போட்டா மலை நிக்குமாக்கும்"னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு: உருள்பொட்டலை, அதாவது நிலச்சரிவை, இது நிறுத்தாது, நான் அப்படிச் சொல்லவும் இல்ல. இது மேல்மண் கரையறதுக்கு மட்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில லயத்து வீடுங்க மேல மலை சரிஞ்சு எழுபது பேரு போயிட்டாங்க, முக்காவாசி நம்ம தமிழ் தோட்டத் தொழிலாளிங்களும் அவங்க குடும்பமும். மறுநாள் காலையில எங்க தோட்டத்துல போய்ப் பார்த்தா சாக்ஸ் பின்னாடி ஒரு சாண் வண்டல் தங்கியிருக்கு, ஓடைத்தண்ணி பெருசா கலங்கல. அங்க பெஞ்ச அளவு இங்க பெய்யல, அதுவும் உண்மை. இப்படி மண்ணு நிக்கணும்னுதான் ரெண்டு வருஷமா எதிர்பார்த்தேன், ஆனா அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லிக்கத் தோணல. அதனால உங்க சரிவுல மேல விரிசல் தெரிஞ்சாலோ, புதுசா ஊத்து கிளம்பினாலோ, மரம் சாய்ஞ்சாலோ சாக்கு வாங்கப் போகாதீங்க, முதல்ல ஆளுங்களை அங்கேருந்து எறக்குங்க.

அதெல்லாம் இல்லேன்னா மே முடியறதுக்குள்ள வேலையை முடிச்சிருங்க. போர்வை மேலயே புல்லு விதை கலந்து தூவுங்க, வரப்புல வெட்டிவேர் வைங்க. சாக்ஸ் ஒரு மழைக்காலம் ரெண்டு மழைக்காலம்தான் தாங்கும், அதுக்குள்ள வேர் பிடிச்சிரணும். உங்களுக்கு மேல ரோடோ கட்டடமோ இருக்கா, அந்தத் தண்ணி எங்க எறங்குதுன்னு எழுதுங்க, அது தெரியாம எத்தனை வரிசை வைக்கணும்னு சொல்ல முடியாது.